எண்பது கிலோ காதல்

மளிகைக் கடைக்காரரின் மகன் அன்டன் செகாவ், மேடையில் காதலை எடை போட்டுக் கொடுத்தார். சொந்தக் காதலைத் தபாலில் நடத்தினார். இரண்டிலும் அவருக்குத் துணை நின்றது கேலிதான்.

1904ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். கருங்கடல் ஓரத்து யால்டா நகரில், காசநோய் முற்றிய ஒருவர் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறார். மனைவி நடிகை. நாடகக் குழுவோடு வெகு தொலைவில் இருக்கிறார். வாழ்க்கை என்றால் என்ன என்று தன் கடிதத்தில் கேட்டிருக்கிறார் அந்த அம்மையார். கேரட் என்றால் என்ன என்று கேட்பதைப் போலத்தான் இதுவும் என்று கணவர் பதில் எழுதுகிறார். கேரட் கேரட்தான், அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பது அவர் கட்சி.

அதன்பின் மூன்று மாதம்கூட அவர் உயிரோடு இல்லை. ஜூலையில் இறந்தபோது வயது 44.

எழுதியவர் அன்டன் செகாவ். உலக நாடக மேடைகள் இன்றும் விடாமல் நடித்துக்கொண்டிருக்கும் ரஷ்ய நாடகாசிரியர். படித்த டாக்டரும்கூட. தன் நுரையீரலில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. தவிப்போடு ஒரு பெரிய கேள்வி கேட்ட மனைவிக்கு அவர் தந்தது ஒரு காய்கறி. இது அன்பா, நழுவலா? அவருடைய நாடகங்களைப் பார்ப்பவர்களையும் நூறாண்டுக்கு மேலாக இதே மாதிரி ஒரு சந்தேகம் வாட்டுகிறது. இங்கே சிரிக்க வேண்டுமா, அழ வேண்டுமா?

செகாவுக்குச் சிரிப்பு முதலில் வயிற்றுப் பிழைப்பாகத்தான் வந்தது. 1860ல் தெற்கு ரஷ்யாவின் தாகன்ரோக் துறைமுகத்தில் பிறந்தார். தாத்தா பண்ணையடிமையாக இருந்து, பணம் கட்டித் தன்னையும் குடும்பத்தையும் மீட்டுக்கொண்டவர். தந்தை பாவெல் மளிகைக் கடை வைத்திருந்தார். பக்தி அதிகம், பிரம்பும் அதிகம். 1876ல் கடை திவாலானது. கடன்காரர்களுக்குப் பயந்து குடும்பம் மாஸ்கோவுக்கு ஓடியது. பதினாறு வயது அன்டன் மட்டும் ஊரிலேயே தங்கி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்து, பள்ளிப் படிப்பை முடித்தார்.

1879ல் மாஸ்கோ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததும் குடும்ப பாரம் அவர் தலையில் விழுந்தது. அந்தோஷா செகோன்தே என்ற புனைபெயரில் நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு எழுதித் தள்ளினார். வரிக்கு இவ்வளவு கோபெக் என்று கூலி. ஒரு பத்திரிகை ஆசிரியர் கதைக்கு நூறு வரிதான் என்று வரம்பு வைத்திருந்தார். செகாவின் சிக்கனம் இந்தப் பட்டறையில் பழகியது. நாலு வார்த்தையில் ஒரு மனிதனைக் காட்ட வேண்டும். ஐந்தாவது வார்த்தைக்கு இடமில்லை.

1884ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டில் இருமலோடு முதல்முறையாக ரத்தம் வந்தது. அது தொண்டையிலிருந்து வந்திருக்கும் என்று மற்றவர்களிடம் சொல்லிச் சமாளித்தார். முறையான பரிசோதனைக்கு அவர் உட்பட்டது 1897ல், மாஸ்கோ ஓட்டல் ஒன்றில் சாப்பாட்டு மேஜையிலேயே ரத்தம் கொட்டிய பிறகுதான். இடைப்பட்ட 13 ஆண்டுகளில் மற்றவர்களின் நோயைப் பார்ப்பதில் அவர் குறை வைக்கவில்லை. மாஸ்கோவுக்குத் தெற்கே மெலிகோவோவில் நிலம் வாங்கிக் குடியேறி, விவசாயிகளுக்கு இலவச வைத்தியம் செய்தார். 1892ல் காலரா வந்தபோது 25 கிராமங்களின் பொறுப்பை ஏற்றார். மருத்துவம் தாலி கட்டிய மனைவி, இலக்கியம் ஆசைநாயகி, ஒருத்தி அலுத்தால் மற்றவளிடம் போய்விடுவேன் என்று பதிப்பாளர் நண்பர் சுவோரினிடம் அவர் வேடிக்கையாகச் சொன்னது பிரசித்தம். இரண்டு பெண்களை உவமையாக்கியவர் நிஜத்தில் ஒருத்தியிடமும் மனதைத் திறந்து பேசாமல் வெகுகாலம் ஓட்டினார்.

1895ல் ஒரு நாடகம் எழுதத் தொடங்கினார். அதில் என்னென்ன இருக்கிறது என்று சுவோரினுக்கு ஒரு பட்டியல் அனுப்பினார். பெண் வேடங்கள் மூன்று, ஆண் வேடங்கள் ஆறு, அங்கங்கள் நான்கு, ஏரி தெரியும் இயற்கைக் காட்சி, நிறைய இலக்கியப் பேச்சு, கொஞ்சம் கதை. கடைசியாக, காதல் ஐந்து பூத். பூத் என்பது ரஷ்ய எடைக் கணக்கு. 16 கிலோவுக்குச் சற்று அதிகம். ஆக, காதல் மட்டும் சுமார் 80 கிலோ! மளிகைக் கடையில் தராசு பிடித்த பையனின் பேச்சு இது.

அந்த நாடகம்தான் 'கடற்பறவை'. எடை பொய்யில்லை. ஏழைப் பள்ளி ஆசிரியர் மாஷாவைக் காதலிக்கிறார். மாஷாவுக்கு எழுத்தாள இளைஞன் திரெப்ளேவ் மீது காதல். திரெப்ளேவுக்கு நீனா மீது. நீனாவுக்குப் புகழ்பெற்ற எழுத்தாளர் திரிகோரின் மீது. அவரோ திரெப்ளேவின் தாயான நடிகையின் பிடியில். எல்லோரும் காதலிக்கிறார்கள், ஒருவருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை. எண்பது கிலோவும் தவறான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்த சரக்கு. முடிவில் திரெப்ளேவ் சுட்டுக்கொண்டு சாகிறான். இதற்குச் செகாவ் வைத்த பெயர் 'நான்கு அங்க நகைச்சுவை நாடகம்'.

1896 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க் ரசிகர்கள் இதைக் கேட்டு உண்மையிலேயே சிரித்தார்கள். சிரித்த இடங்கள்தான் தவறு. கூச்சலும் கேலியுமாக முதல் நாள் முடிந்தது. செகாவ் அரங்கைவிட்டு வெளியேறி இரவில் தெருத் தெருவாக நடந்தார். இனி நாடகமே எழுதுவதில்லை என்று சபதம் போட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1898 டிசம்பரில், புதிதாகப் பிறந்த மாஸ்கோ கலை அரங்கம் அதே நாடகத்தைப் போட்டது. பெரும் வெற்றி. அரங்கத்தின் பெயர் நிலைத்தது. செகாவின் சபதம் நிலைக்கவில்லை.

அடுத்து வந்த நாடகங்களில் இன்னும் நுட்பமான வேலை ஒன்றைச் செய்தார். காதலைச் சொல்ல வேண்டிய இடத்தில் பாத்திரங்களை வேறு எதையாவது பேச வைத்தார். 'வான்யா மாமா'வில், மனதுக்குள் நேசிக்கும் பெண்ணுக்காக ரோஜாக் கொத்தோடு உள்ளே வருகிறார் வான்யா. அவளோ டாக்டரின் அணைப்பில் இருக்கிறாள். பூங்கொத்தோடு வாசலில் நிற்கும் அந்த மனிதரைப் பார்த்தால் சிரிப்பு வரும். சிரித்த மறுகணமே நமக்கு வெட்கமாக இருக்கும். அதே டாக்டர் கடைசியில் விடைபெறும்போது, அவரை ஆண்டுக்கணக்காக நேசித்த சோனியா பக்கத்திலேயே இருக்கிறாள். அவர் சுவரில் தொங்கும் ஆப்பிரிக்கா வரைபடத்தைப் பார்த்து, அங்கே இப்போது வெயில் கடுமையாக இருக்கும் என்கிறார்.

'செர்ரித் தோட்டம்' நாடகத்தில் இதைவிடக் கூர்மையான காட்சி உண்டு. பண்ணையடிமையின் பேரனாகப் பிறந்து பணக்காரனான லோபாகின், தோட்டத்தை ஏலத்தில் எடுத்துவிட்டான். அந்த வீட்டு வளர்ப்பு மகள் வார்யாவை அவன் மணப்பான் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். புறப்படும் நேரம். இருவரையும் தனியே விடுகிறார்கள். அவள் மூட்டை முடிச்சுகளில் எதையோ தேடுவதாகப் பாவனை செய்கிறாள். அவன் வானிலையைப் பற்றிப் பேசுகிறான். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி இருக்கும் என்கிறான். தான் பார்க்கவில்லை என்றும் வீட்டுத் தெர்மாமீட்டர் உடைந்து கிடக்கிறது என்றும் அவள் சொல்கிறாள். வெளியிலிருந்து யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் குரலுக்காகவே காத்திருந்தவன் போல ஓடிவிடுகிறான். அவள் தரையில் உட்கார்ந்து விம்முகிறாள். ஒரு திருமணம் முறிந்துபோனது, உடைந்த தெர்மாமீட்டரைப் பற்றிய பேச்சில்.

இந்த நாடகத்தின் கையெழுத்துப் பிரதியைப் படித்து அழுததாகவும், இது நகைச்சுவையே அல்ல, சோக நாடகம் என்றும் செகாவுக்கு எழுதினார் கலை அரங்க இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. செகாவ் தலையில் அடித்துக்கொண்டார். தான் எழுதியது நகைச்சுவை, சில இடங்களில் வெறும் கோமாளிக் கூத்து என்பது அவர் வாதம். 1904 ஜனவரியில் நாடகம் மேடையேறியது. பன்னிரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய கடைசி அங்கத்தை நாற்பது நிமிடம் இழுக்கிறார்கள் என்று மனைவியிடம் குறைபட்டுக்கொண்டார். சோகம் என்று முடிவு கட்டிவிட்டால் நடிகர்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள். செகாவின் மனிதர்களுக்கோ அதற்கு அவகாசமில்லை. ரயிலைப் பிடிக்க வேண்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட அந்த அவசரம்தான் வசதி.

இப்படிச் சொல்லாமல் விட்டவர்களை அவர் வெளியே போய்த் தேடவில்லை. அவர் வீட்டுக்கே ஒரு பெண் அடிக்கடி வந்துபோனார். தங்கை மாஷாவோடு பள்ளியில் ஆசிரியையாக இருந்த லீகா மிஸினோவா. அழகி, கெட்டிக்காரி. செகாவ் அவருக்கு எழுதிய கடிதங்கள் படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும். இல்லாத காதலர்களைக் கற்பனை செய்து அவரைச் சீண்டுவார். பொய்யாகக் கோபிப்பார். லீகா ஒரு நேரான வார்த்தைக்காக ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார். வந்ததெல்லாம் அடுத்த கிண்டல்தான். கடைசியில் அவர், செகாவின் நண்பரும் மணமானவருமான எழுத்தாளர் பொதாபென்கோவுடன் போனார். அந்த மனிதர் கைவிட்டார். 1894ல் பாரீசில் லீகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது; சில காலத்திலேயே இறந்தும்போனது. 'கடற்பறவை'யில் நீனாவின் கதை ஏறக்குறைய இதுதான். செகாவின் வேடிக்கைப் பேச்சுக்கு விலை உண்டு. அதை எப்போதும் அவரே கொடுத்துவிடவில்லை. இதையும் சேர்த்தே அவரை ரசிக்க வேண்டும்.

1895ல் சுவோரின் கல்யாணப் பேச்சை எடுத்தபோது செகாவ் நிபந்தனைகள் விதித்தார். மனைவி மாஸ்கோவில் இருக்க வேண்டும், தான் கிராமத்தில்; அவ்வப்போது போய்ப் பார்த்து வரலாம். நிலாவைப் போல, தன் வானத்தில் தினமும் தோன்றாத மனைவி வேண்டும் என்றார். நண்பர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அவர் கேட்டதை விதி அப்படியே எழுதிக்கொண்டது.

1898ல் 'கடற்பறவை' ஒத்திகையில் ஓல்கா நிப்பரைச் சந்தித்தார். நாடகத்தில் திரெப்ளேவின் தாயாக நடித்த முப்பது வயது நடிகை. இவர் லீகாவைப் போலக் காத்திருக்கும் ரகமில்லை. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை விடமாட்டார். நோய் காரணமாக மாஸ்கோ குளிர் ஆகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட, செகாவ் யால்டாவில் வீடு கட்டிக்கொண்டார். ஓல்காவுக்கு மேடை மாஸ்கோவில். நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கடிதப் போக்குவரத்து தொடங்கியது.

இந்தக் கடிதங்களில் ஒரு விஷயம் தமிழ் வாசகருக்குச் சட்டென்று பிடிபடும். ரஷ்ய மொழியிலும் நம்மைப் போலவே 'நீ', 'நீங்கள்' உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆங்கிலம் வழியாகப் படிக்கும்போது இது காணாமல் போய்விடும். 1900 கோடையில் ஓல்கா யால்டாவில் வந்து தங்கிவிட்டுப் போனார். அதற்கு முன் வந்த கடிதங்களில் 'நீங்கள்'. ஆகஸ்ட் முதல் 'நீ'. காதலைப் பற்றி நேராகப் பேசவே வராத மனிதர், ஒரு விகுதியை மாற்றி விஷயத்தை முடித்துவிட்டார். தமிழில் இதை மொழிபெயர்ப்பவர் பாக்கியசாலி.

அவர் கஷ்டம் வேறு இடத்தில் காத்திருக்கிறது. செகாவ் ஓல்காவைச் செல்லமாக அழைக்கும் பெயர்கள் ஒரு மிருகக்காட்சி சாலை. நாய், குதிரைக்குட்டி, முதலை. ரஷ்யனில் 'நாயே' என்று கொஞ்சலாம். தமிழில் அதே சொல்லைப் போட்டால் கடிதம் காதல் கடிதமாக இருக்காது. போலீசில் புகார் கொடுக்க வேண்டிய கடிதமாகிவிடும். 'நாய்க்குட்டி' என்று மாற்றினால் குழைவு கூடுகிறது, குறும்பு செத்துவிடுகிறது. மற்ற இடங்களில் கேலியையும் பிரியத்தையும் ஓரளவு பிரித்து மொழிபெயர்த்துவிடலாம். செகாவிடம் அது நடப்பதில்லை. ஒன்றை எடுத்தால் மற்றதும் கையோடு வந்துவிடுகிறது.

1901 மே மாதம் திருமணம். வாழ்த்து சொல்ல வரும் கூட்டத்தையும், ஷாம்பேன் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு நிற்பதையும் நினைத்தாலே தனக்கு நடுக்கம் என்று ஓல்காவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொன்னபடியே செய்தார். நடிகர் நண்பர் ஒருவர் மூலம் உற்றார் உறவினரை ஓரிடத்தில் விருந்துக்கு வரவழைத்தார். அவர்கள் அங்கே காத்திருக்க, இங்கே சிறிய தேவாலயம் ஒன்றில், சட்டத்துக்குத் தேவையான சாட்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு மணம் முடித்தார். தாயாருக்குத் தந்தி போயிற்று: கல்யாணம் செய்துகொள்வதாகவும், எதுவும் மாறாது, எல்லாம் பழையபடியே இருக்கும் என்றும். தேனிலவு, காசநோயாளிகளுக்குக் குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் கொடுக்கும் ஒரு சானட்டோரியத்தில்!

எதுவும் மாறவில்லைதான். குளிர்காலம் வந்ததும் அவர் யால்டாவுக்கு, ஓல்கா மேடைக்கு. 1902ல் ஓல்காவுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. இருவரும் ஆசைப்பட்ட குழந்தை பிறகு பிறக்கவே இல்லை. நோயாளிக் கணவரைத் தனியே விட்டுவிட்டு நடிக்கிறாளே என்று ஊர் பேசியது. ஓல்காவும் குற்ற உணர்வில் வெந்தார். நடிப்பை விட்டுவிடுகிறேன் என்று எழுதினார். செகாவ் சம்மதிக்கவில்லை. நாம் சேர்ந்து இருக்க முடியாததற்கு நானும் காரணமில்லை, நீயும் காரணமில்லை என்று திருமணத்துக்கு முன்பே அவர் எழுதிவிட்டிருந்தார். தனக்குள் கிருமியையும் ஓல்காவுக்குள் கலை மோகத்தையும் வைத்த சாத்தானின் வேலை அது என்பது அவர் விளக்கம். கிருமியையும் கலையையும் ஒரே கூடையில் போட்டதுதான் வேடிக்கை. அந்த வேடிக்கை ஒரு பெண்ணின் தோளிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைத்தது.

திருமணத்துக்கு நான்கு மாதம் முன்பு மேடையேறிய 'மூன்று சகோதரிகள்' நாடகத்தில், ஓல்கா நடித்த பாத்திரத்தின் பெயர் மாஷா. மணமானவள், ராணுவ அதிகாரி ஒருவரைக் காதலிக்கிறாள். படைப்பிரிவு ஊரைவிட்டுப் போகிறது. பிரிவு தாங்காமல் எல்லோர் முன்னாலும் கதறுகிறாள். கணவர் பள்ளிக்கூட வாத்தியார், கொஞ்சம் அசடு. அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வகுப்புப் பையன் ஒருவனிடம் பறிமுதல் செய்த பொய்த்தாடியையும் மீசையையும் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, மனைவிக்கு வேடிக்கை காட்டுகிறார்.

அரங்கில் சிலர் சிரிப்பார்கள், சிலருக்குத் தொண்டை அடைக்கும். இரண்டுமே சரி. அந்த மனிதரிடம் இருக்கும் அன்பு முழுவதும் அந்தப் பொய்த்தாடியில் இருக்கிறது. அவருக்கு வேறு விதமாகக் கொடுக்கத் தெரியாது. யால்டாவிலிருந்து கேரட்டை அனுப்பியவரும் இதே இனம்தான். லீகாவிடம் கேலி ஒளிந்துகொள்ளப் பயன்பட்டது. ஓல்காவிடம் வந்தபோது, அருகில் இருக்க முடியாதவர் அருகில் வந்து நிற்கும் வழியாக அது மாறியிருந்தது.

1904 ஜூனில் இருவரும் ஜெர்மனியின் பாடன்வைலருக்குச் சிகிச்சைக்காகப் போனார்கள். ஜூலை 15, நள்ளிரவுக்குப் பின் மூச்சுத் திணறல். தானே கேட்டு டாக்டரை வரவழைத்தார் செகாவ். தான் சாகப்போவதாக ஜெர்மன் மொழியில் அவரிடம் சொன்னார். செய்ய ஒன்றுமில்லை என்று கண்ட டாக்டர் ஷாம்பேன் கொண்டுவரச் சொன்னார். செகாவ் கிண்ணத்தை வாங்கி, ஓல்காவைப் பார்த்துப் புன்னகைத்து, ஷாம்பேன் குடித்து வெகுநாளாயிற்று என்றார். மிச்சமில்லாமல் குடித்தார். இடப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவ்வளவுதான். கல்யாணத்தில் பிடிக்கப் பயந்த கிண்ணத்தைக் கடைசியில் அவர் நிதானமாகவே பிடித்தார்.

பின்னர் நடந்தது அந்தோஷா செகோன்தே எழுதியிருக்கக்கூடிய கதை. உடல் மாஸ்கோ வந்தது, சிப்பிகளை ஏற்றிச் செல்லும் குளிர்பதன ரயில் பெட்டியில். வரவேற்கப் போன கூட்டத்தில் ஒரு பகுதி, மஞ்சூரியப் போரில் இறந்த ஒரு தளபதியின் சவப்பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது. செகாவுக்கு ராணுவ பேண்டு வாத்தியமா என்று அவர்கள் வியந்தார்களாம். எழுத்தாளர் கார்க்கி இதையெல்லாம் கண்டு கொதித்துப் போனார். செகாவ் இருந்திருந்தால் குறிப்பேட்டை எடுத்திருப்பார்.

ஓல்காவுக்கு அப்போது வயது 35. அதன்பின் 55 ஆண்டுகள் வாழ்ந்து 1959ல் மறைந்தார். செகாவின் நாடகங்களில் தொடர்ந்து நடித்தார். கணவர் இறந்த சில வாரங்களில், ஆகஸ்டில், அவர் மறுபடியும் கடிதம் எழுத உட்கார்ந்தார். விலாசம் இல்லை, தபால்தலை இல்லை. வழக்கம்போல 'நீ' என்று விளித்து, செகாவுக்கே எழுதினார்.